வேலியைத் திருத்தும் யந்திரம்

பாங்குக் கணக்கும், ரயில் டிக்கெட்டும், ஆஸ்பத்திரிக் கருவிகளும் இன்று கம்ப்யூட்டர் புரோகிராம்களை நம்பியே நடைபெறுகின்றன. புரோகிராமின் ஒவ்வொரு பகுதியும் சரிவர வேலை செய்கிறதாவென்று பார்க்க, யூனிட் டெஸ்ட் எனப்படும் சிறு சோதனைகளையும் கூடவே எழுதிவைப்பது வழக்கம். இதற்கென ஜாவா பாஷையில் கெண்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் 1997-ம் வருஷத்தில் அமைத்த ஜேயூனிட் என்ற சாதனம் உலகெங்கும் வழங்கி வருகிறது. புரோகிராம் பயிரென்றால் சோதனைகளே அதன் வேலி.

வேலியும் நாளடைவில் பழுதுபடும். ஒரே வரிகளைப் பலவிடங்களில் திரும்ப எழுதுதல், ஒரே சோதனையில் பல விஷயங்களைத் திணித்தல் முதலிய குற்றங்களை 2001-ல் ஆரி வான் டியூர்சன் உள்ளிட்ட நால்வர் வகுத்துக் காட்டினர். இக்குறைகளைக் களையவும், பழைய ஜேயூனிட் சோதனைகளைப் புதிய பதிப்புக்கு மாற்றவும் தாமே திருத்தும் சாதனங்கள் இப்போது உண்டு. ஆயிரக்கணக்கான சோதனைகளைக் கையால் திருத்துவது அலுப்பும் பிழையும் மலிந்த வேலையாதலால், இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். புரோகிராமைத் திருத்துகையில் தவறு நேர்ந்தால் சோதனை காட்டிக்கொடுக்கும். சோதனையையே திருத்துகையில் தவறு நேர்ந்தால் காட்டிக்கொடுப்பவர் யார்?

இது வீண் பயமன்று. இரண்டு சொற்றொடர்கள் வேறுபட்டவைதாமா என்று பார்க்கும் ஆணை ஜேயூனிட்டில் உண்டு. நான்காம் பதிப்பில், தோல்வி நேர்ந்தால் அறிவிக்க வேண்டிய செய்தி முதலில் நிற்கும்; 2017-ல் வெளியான ஐந்தாம் பதிப்பிலோ அது கடைசியில் நிற்கவேண்டும். வரிசையை மாற்றாமல் பதிப்பை மட்டும் மாற்றினால் யந்திரம் யாதோர் ஆட்சேபமும் சொல்லாது. செய்தியையும் முதற் சொற்றொடரையும் ஒப்பிட்டு, அவை வேறுபட்டவையெனக் கண்டு, எந்நாளும் 'தேறியது' என்றே கூறும். வேலி நிற்கிறது, காவல் போயிற்று!

இதற்குப் பரிகாரம் பழையதே. புரோகிராமில் வேண்டுமென்றே சிறு பிழைகளைப் புகுத்தி, சோதனைகள் அவற்றைப் பிடிக்கின்றனவா என்று பார்க்கும் முறையை டிமில்லோ, லிப்டன், ஸேவர்ட் ஆகியோர் 1978-லேயே எடுத்துரைத்தனர். திருத்தத்திற்கு முன் பிடிபட்ட பிழைகள் பின்னும் பிடிபடுகின்றனவா என்று இம்முறையால் ஒப்பிட்டறியலாம். இதற்கு நேரமும் பொருளும் செலவாகுமென்பது மெய்யே. ஆனால் பொய்ச் சோதனையை நம்பி இழப்பதோ அதனினும் பெரிது. யந்திரம் திருத்தட்டும், மனிதர் சரிபார்த்த பின்னரே அது நிலைபெற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.