போனில் கேட்ட குரலுக்கு மனம் ஏன் அடங்குகிறது?

2020 மார்ச் 25. கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு. நோய் தொடாத வீடுகளிலும் பலருக்குத் தூக்கம் போனது. ஏன்?

தெருநாய் துரத்தினால் ஓடுகிறோம். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் படபடப்பு ஆறிவிடும். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு எந்தக் கதவைச் சாத்துவது? மூளையின் அமிக்டலா எச்சரித்துக்கொண்டே இருக்க, சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலைச் சுரந்துகொண்டே இருக்கும். இரவில் தணிய வேண்டிய அது தணியாவிட்டால் உறக்கம் கெடும். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலகெங்கும் பதற்றமும் மனச்சோர்வும் சுமார் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 7 முதல் 12 வயதுச் சிறுமிகளை அந்நியர் முன் பேசவும் கணக்குப் போடவும் சொன்னார்கள். பயந்துபோனவர்களில் சிலரை அம்மா அணைத்துக்கொண்டார். சிலரிடம் போனில் பேசினார். இரு குழுவிலும் கார்ட்டிசால் இறங்கியது, பாசப் பிணைப்பின் ஹார்மோனான ஆக்ஸிடோசின் ஏறியது. அடுத்து வந்த ஆய்வில், எழுத்தில் அனுப்பிய செய்திக்கு அந்தப் பலன் இல்லை. குரலின் ஏற்ற இறக்கம்தான் மருந்து!

போனில் பேசும் மனநல ஆலோசகரின் குரல் அம்மாவின் குரலாகிவிடாது. ஆனாலும் பஸ் ஓடாத நாளில், 'மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்' என்று தயங்குபவருக்கு, எட்டுகிற கதவு போன்தான். ஊரடங்கு தொடங்கிய அன்றே தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியாயின. 2022 அக்டோபர் 10-ல் வந்தது டெலி-மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. எண் 14416, கட்டணமில்லை, நள்ளிரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.