ரயில் பெட்டிக்குள் ஒன்றாம் வகுப்பு... சுவர் எவ்வளவு பேசலாம்?

பள்ளி திறக்கிற வாரத்தில் கதிர்காமம் பக்கம் ஸ்டேஷனரி கடைகளில் ஒரு டீச்சரையாவது பார்த்துவிடலாம். ஒரு கையில் சார்ட் பேப்பர் சுருள், இன்னொரு கையில் போன். போன் திரையில் எங்கோ ஓர் ஊரில் யாரோ அலங்கரித்த வகுப்பறை. காடு, விண்வெளி, ஆழ்கடல், சர்க்கஸ் என்று ஏதாவது ஒரு 'தீம்'. அதே பச்சை, அதே ஜிகினா, அதே பலூன் வளைவு கிடைக்குமா என்ற தேடல். கடையில் கிடைக்காதது ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கிடைக்கும். செலவு பெரும்பாலும் டீச்சரின் சொந்தக் காசுதான்.

நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது சுவரில் இருந்தவை ஒரு காந்தி படமும், மூலை கிழிந்த இந்திய வரைபடமும்தான். இப்போதைய குழந்தைகள் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கியதும்தான், சுவரை நிரப்புவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது என்று புரிந்தது.

பிளாட்பாரத்தில் நின்ற பள்ளி

தீம் வகுப்பறை என்றதும் நம் நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது ராஜஸ்தான் மாநிலம் அல்வர். அங்கே ரயில் நிலையத்தை ஒட்டிய அரசுப் பள்ளி ஒன்றை ரயில் போலவே வண்ணம் தீட்டினார்கள். வகுப்பறைகள் நீலப் பெட்டிகளாயின. தாழ்வாரம் பிளாட்பாரமானது. தலைமை ஆசிரியர் அறைதான் இன்ஜின்! சர்வ சிக்ஷா அபியான் திட்டத்தின் பொறியாளர் ராஜேஷ் லவானியாவின் யோசனை அது. படிக்கட்டில் நின்று எட்டிப்பார்க்கும் குழந்தைகளின் படங்கள் வைரலாக, தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் அரசுப் பள்ளிச் சுவர்கள் ரயில் பெட்டிகளாக மாறின.

புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879-இல், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், விழுப்புரத்திலிருந்து. ஆக, ரயில் தீம் நமக்கும் அந்நியமில்லை.

அல்வர் யோசனையில் ஒரு நல்ல விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ரயிலை வெளிச்சுவரில்தான் வரைந்தார்கள். குழந்தையை வாசலில் வரவேற்று உள்ளே இழுக்கும் வேலையை அது செய்கிறது. உள்ளே பாடம் நடக்கும்போது பார்வையில் குறுக்கே நிற்பதில்லை. இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு பதில் சொல்கிறது.

28-க்கும் 38-க்கும் நடுவில்

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷர் தலைமையிலான குழு 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 24 மழலையர் வகுப்புக் குழந்தைகள். அவர்களுக்குப் புதிதான ஆறு அறிவியல் பாடங்கள். மூன்று பாடங்கள் படங்களும் சார்ட்டுகளும் நிறைந்த அறையில், மூன்று பாடங்கள் வெறும் சுவர் அறையில். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெறும் சுவர் அறையில் குழந்தைகளின் கவனம் பாடத்தை விட்டு விலகியிருந்த நேரம் 28.4 சதவிகிதம். அலங்கரித்த அறையில் 38.6 சதவிகிதம். பாடம் முடிந்து கேள்வி கேட்டபோது வெறும் சுவர் அறையில் 55 சதவிகித விடைகள் சரி. அலங்கார அறையில் 42 சதவிகிதம்தான்.

சின்ன ஆய்வுதான், ஒரே ஒரு வகுப்புதான். இதை வைத்து எல்லாச் சார்ட்டையும் கிழித்துப் போட வேண்டியதில்லை. ஆனால், ஐந்து வயதுக் குழந்தைக்கு எதைப் பார்க்க வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இன்னும் கைவரவில்லை என்பது பெற்றோர் எல்லோருக்குமே தெரிந்ததுதானே? டிவி ஓடும்போது சோறு ஊட்டிப் பார்த்தவர்களுக்கு ஆய்வே தேவையில்லை.

அப்படியென்றால் வெள்ளைச் சுவரே போதுமா? அதுவும் இல்லை என்கிறது இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம். 27 பள்ளிகள், 153 வகுப்பறைகள், 3,766 மாணவர்கள் என்று பெரிய அளவில் பார்த்து, 2015-இல் அறிக்கை தந்தார்கள். ஒரே ஆண்டில் ஆரம்பப்பள்ளி மாணவர்களின் முன்னேற்றத்தில் தெரிந்த ஏற்றத்தாழ்வில் 16 சதவிகிதத்தை வகுப்பறையின் வடிவமைப்போடு பொருத்த முடிந்ததாம். மொட்டைச் சுவரும் நல்லதல்ல, அடைத்துவைத்த சுவரும் நல்லதல்ல என்பது அவர்கள் கண்டது. சுவரில் 20 முதல் 50 சதவிகிதம் வரை காலியாக விடச் சொல்கிறார்கள்.

அதே அறிக்கையில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகிய மூன்றுக்கும்தான் அதிகப் பங்கு. நம் ஊரில் இடம் போதாமல் ஜன்னல் கண்ணாடியிலும் பழங்கள் படம், காய்கறிகள் படம் என்று ஒட்டிவிடுகிறோம். தீமுக்காக வெளிச்சத்தை அடைப்பது நஷ்டக் கணக்கு.

கதவே பாகைமானி, மின்விசிறியே வண்ணச் சக்கரம்

அலங்காரமும் பாடமும் ஒன்றாக இருந்தால்? அதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பெயர் 'பாலா'. கட்டடத்தையே கற்கும் கருவியாக்குவது என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. டெல்லியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பாயும் அவருடைய 'வின்யாஸ்' அமைப்பும் யுனிசெஃப் உதவியோடு உருவாக்கியது. 150-க்கும் மேற்பட்ட யோசனைகள் அதில் உள்ளன.

கதவு திறக்கும் இடத்தில் தரையில் கோணங்களை வரைந்துவிட்டால் கதவே பாகைமானி. ஜன்னல் கம்பியை வளைவும் நெளிவுமாக வடிவமைத்தால், எழுதப் பழகும் குழந்தை விரலால் தடவிப் பார்க்கலாம். மின்விசிறி இறக்கைகளில் வண்ணம் பூசினால், சுற்றும்போது நிறங்கள் கலப்பதைப் பார்க்கலாம். படிக்கட்டில் எண்கள். தூணில் உயரம் அளக்கும் கோடுகள். இங்கே எதுவும் வெறும் அழகுக்காக இல்லை. பிஞ்சு விரல் தொடுவதற்காக இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இந்தச் சிந்தனை புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறைதான் அதற்கு வழிகாட்டி. 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அந்த வகுப்பறைகளில் படித்து வளர்ந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். தரையோடு தரையாக, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. ஆளுக்கு ஓர் இடம். தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். குழந்தைகள் வரைந்ததை, மடித்ததை, வெட்டியதை அதில் தொங்கவிடுவார்கள். கடையில் வாங்கிய படம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு வகுப்பறை வண்ணமயமானது!

கொரோனா காலத்துக் கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் வகுப்பறைக்குப் பெரிய இடம் உண்டு. மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, கதைக்கு ஒரு மூலை, பாட்டுக்கு ஒரு மூலை என்று ஒதுக்கினார்கள். மொத்தச் சுவரையும் ஒரே நேரத்தில் கத்தவிடாமல் மூலைக்கு ஒன்றாகப் பேசவிடுவது நல்ல உத்திதான்.

காட்டுக்கு ஏன் சிங்கம்? நம்மிடம் அணில் இருக்கே!

இனி தீமுக்கு வருவோம். இணையத்தில் கிடைப்பவற்றில் பாதி, பனிமனிதனும் மேப்பிள் இலையும். கதிர்காமத்துக் குழந்தை பனிமனிதனை எங்கே பார்த்தது?

புதுச்சேரிக்கென்று அடையாளச் சின்னங்கள் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? விலங்கு அணில். பறவை குயில். பூ நாகலிங்கம். மரம் வில்வம். நான்கையும் வைத்தே ஒன்றாம் வகுப்புக்கு ஓராண்டு ஓட்டலாம். அணிலின் முதுகுக் கோடுகளில் மூன்று வரை எண்ணலாம். குயில் கூவுவதைக் கேட்டுவிட்டு 'கு, கூ' எழுதலாம். நாகலிங்கப் பூ ஒன்றைக் கையில் கொண்டுவந்து காட்டினால், எந்த ஜிகினா சார்ட்டும் அதன் பக்கத்தில் நிற்காது. பக்கத்திலேயே ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். ஒரு சுவர் ஏரி ஆகட்டும், வாரம் ஒரு பறவை வந்து இறங்கட்டும். கடற்கரைச் சாலையில் 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும் இருக்கிறது. வகுப்பறைக் கதவை அதுவாக மாற்றிவிடலாம்.

வாரம் ஒரு பறவை என்பதில் காரணம் உண்டு. ஜூனில் ஒட்டியது ஏப்ரலில் அப்படியே இருந்தால் அது வால்பேப்பர். யாரும் பார்க்க மாட்டார்கள். நம் ஊர்க் கடல் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் சார்ட் பேப்பர் எப்படியும் சுருண்டுவிடும், மாற்றித்தான் ஆக வேண்டும்!

யார் படம் சுவரில் இல்லை?

என் கணிப்பில், அலங்காரத்தைவிடப் பெரிய கேள்வி இது. பல வகுப்புகளில் 'சிறந்த ஓவியம்' பலகை இருக்கும். அதில் எப்போதும் அதே நான்கு பேர். வீட்டில் ஸ்கெட்ச் பேனா செட் இருக்கும் குழந்தைகள், அம்மாவோ அக்காவோ உட்கார்ந்து வரைந்துகொடுக்கும் குழந்தைகள். மற்றவர்கள் அந்தப் பலகையைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு வயதில் அது என்ன பாடம் நடத்துகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. 'நாளைக்குக் கடல் தீம், மீன் செய்து அனுப்பவும்' என்று இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் தகவல் வந்தால், நாம் தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். குழந்தை தூங்கிவிடுகிறது. மறுநாள் சுவரில் நீந்துவது நம் மீன். வால் கோணலாக இருந்தாலும், கண் இரண்டும் ஒரே பக்கம் இருந்தாலும், அவர்களே பழைய நோட்டு அட்டையில் வெட்டட்டும். டீச்சரும் அதைத்தான் மாட்ட வேண்டும், நல்லதாகப் பொறுக்கி அல்ல, எல்லாவற்றையும்.

மாட்டும் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தை நிற்கும்போது கண் இருக்கும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். தரையில் உட்கார்ந்தால் இன்னும் கீழே. நாமோ நம் கண்ணுக்கு நேராக, ஐந்தடிக்கு மேல் ஒட்டிவிட்டு போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அடுத்த முறை ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் வகுப்பின் கடைசி வரிசையில், பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். கரும்பலகை இருக்கும் சுவரை மட்டும் காலியாக விட்டுவிட்டு, தீமைப் பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் கொண்டுபோய்விட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு குச்சி, ஒரு கயிறு, இருபது துணி கிளிப் இருந்தால் தினமும் மாட்டிக் கழற்றலாம். டபுள்சைடு டேப்போடு பெயிண்டும் உரிந்து வருவது மிச்சம்.