முதலில் கதிரையைப் பாருங்கள்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். யோகாசனம் முறையாகப் படித்தவர். ஊரில் வயதானவர்களைக் கதிரையில் இருத்தி வகுப்பு நடத்த ஆசை, எதில் தொடங்குவது என்று கேட்கிறார். ஆசனமும் மூச்சும் அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வருவது கதிரையைப் பற்றி.

1982இல் அமெரிக்காவில் லக்ஷ்மி வோல்கர் என்ற ஆசிரியை, மூட்டுவாதத்தால் தரையில் இருக்கமுடியாமல் போன தன் மாணவி ஒருவருக்காகக் கதிரையிலேயே பாடங்களை அமைத்தார். புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் தகரத்தாலான மடக்குக் கதிரையின் முதுகுச் சாய்வைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைக்குள்ளே கால்களை விட்டு முதுகை வளைக்கச் சொன்னார். யோகா நூல்களில் நான் கண்ட படங்களிலே எனக்கு மிகவும் பிடித்தது அந்த முதுகில்லாக் கதிரைதான்.

நம் பக்கத்தில் கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் கதிரை. வகுப்புக்கு அது ஆகாது. இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் கால் விரியும், டைல்ஸ் தரையில் வழுக்கும். பழைய பள்ளிக்கூட மரக்கதிரை தேடுங்கள். கைப்பிடி வேண்டாம். இருக்கை தரையில் இருந்து 43 சென்ரிமீற்றர் இருந்தால் நல்லது. சுவரோடு சேர்த்து வையுங்கள். கால் எட்டாத அம்மம்மாவுக்கு அடியில் ஒரு பலகை.

முதல் நாள் ஆசனமே வேண்டாம். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, 30 செக்கனில் எத்தனை தரம் எழும்பி இருக்கிறார் என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுப் பெண் 11 தரத்துக்குக் குறைந்தால், ஆண் 12க்குக் குறைந்தால், விழுகிற ஆபத்து இருக்கிறது. கையூன்றித்தான் எழும்ப முடிகிறது என்றால் கணக்கு பூச்சியம். உலகத்தில் வருடத்துக்கு 684,000 பேர் விழுந்து சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

முதியவர் எழும்பத் தடுமாறுவதைக் கவனித்தால், பலவேளை முதுகை நிமிர்த்தியபடியே எழும்பப் பார்ப்பார். பாரம் பின்னுக்கே நிற்பதால் திரும்பத் தொப்பென்று விழுவார். என் பெரியப்பா வாவியில் தோணி விடும்போது கம்பை ஊன்றி உடம்பை முன்னே சரித்த பிறகுதான் தள்ளுவார். எழும்புவதும் அதே வித்தை. பாதத்தை முழங்காலுக்குப் பின்னே இழு, மூக்கு கால்விரலுக்கு நேரே வரச் சாய், பிறகு தரையை மிதி. பாரம் பாதத்துக்கு மேலே வந்துவிட்டால் தொடை தன் வேலையைச் செய்யும்.

இந்தச் சாய்வு இடுப்பில் இருந்து வரவேண்டும், முதுகு கூனக்கூடாது. எலும்பு தேய்ந்த பெண்களை வைத்து மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வில், முன்னே குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கு முதுகெலும்பில் மேலும் முறிவு. பின்னே நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம். கண் அழுத்தம் உள்ளவர் தலையைக் கீழே தொங்கவிடக்கூடாது. பிரஷர் உள்ளவர் மூச்சை அடக்கக்கூடாது. யாருக்கு என்ன நோய் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

ஒக்டோபர் 1 நமக்குச் சிறுவர் தினம், முதியோர் தினமும் அன்றுதான். பிள்ளைகள் மேடையில் ஆட, கிழடுகள் பந்தலுக்குள் அசையாமல் இருந்து ஒரு பார்சலோடு வீட்டுக்குப் போகும். யூன் 21 யோகா தினத்திலும் வளைகிற இளம் உடம்புக்குத்தான் கைதட்டல். வகுப்பென்று எது தொடங்கினாலும் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில்தான் தொடங்குகிறது. வயலில் குனிந்தே முதுகு போனவர்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறார்கள்.

ஆகவே ரீச்சர், பாலத்தைக் கடந்து போங்கள். கிராம சேவையாளரிடம் முதியோர் சங்கத்தின் கூட்ட நாளைக் கேளுங்கள். கிளினிக் நாளைத் தவிர்த்து வாரம் இரண்டு காலை, அரை மணித்தியாலம், எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். முதல் மாதம் இருப்பதும் எழும்புவதும் மட்டும் நடக்கட்டும்.