ஆண் பெயரில் ஆண்ட அரசி

திருத்தணி மலைப்படிகளில் ஏறி நின்று வடக்கே பாருங்கள், தோழர்களே! அப்பால் ஆந்திர நாடு. 1960 ஏப்ரல் 1-ல் எல்லைக்கோடு மாறியது, திருத்தணி நமதாயிற்று. கோடு நிலத்துக்குத்தான், வரலாற்றுக்கு அல்ல! அந்த வடபுலத்தில், வாரங்கல்லில், எழுநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அரியணை ஏறிய மங்கை ருத்ரமாதேவியின் கதை நமக்கும் பாடம்.

தந்தை கணபதிதேவன், காகதீய மாமன்னன். காஞ்சி வரை அவன் கை நீண்டது. ஏகாம்பரநாதர் கோயிலில் அவனது 1249-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. அவனுக்கு ஆண்மகவு இல்லை. மகளை ஆட்சியில் அமர்த்தினான். 1262 வாக்கில் முழுப்பொறுப்பும் அவளிடம் வந்தது.

எப்படி வந்தது? பெண்ணாக அல்ல! கல்வெட்டுகளில் அவள் பெயர் 'ருத்ரதேவ மகாராஜா'. ஆற்றல் இருந்தது, அறிவு இருந்தது. ஆண் பெயரும் தேவைப்பட்டது! நிடதவோலுச் சாளுக்கியன் வீரபத்திரன் அவள் கணவன். ஆயினும் முடி அவன் தலைக்குப் போகவில்லை.

தேவகிரி யாதவன் மகாதேவன் படையெடுத்தான். துரத்தி அடித்தாள் என்கிறது காகதீயர் தரப்பு. 'பெண் என்பதால் விட்டுவிட்டோம்' என்கிறது யாதவர் புகழுரை! தோற்றவன் சொல்லும் சாக்கு, அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

பரம்பரைப் பிரபுக்கள் அல்லாதாரையும் படைத்தலைவராக்கினாள். அவளது நீதியைப் புகழ்ந்து எழுதிய வெனிஸ் நகர வணிகன் மார்க்கோ போலோவும், மாண்ட கணவனின் நாட்டை ஆள்பவள் என்றே எண்ணினான். தந்தையிடமிருந்து மகள் பெற்ற நாடு என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை!

அம்பதேவன் என்னும் சிற்றரசன் கலகம் செய்தான். அவனை எதிர்த்த போரில் அவள் மாண்டாள் என்பது ஆய்வாளர் கருத்து. மறைவைக் கூறுவது 1289-ஆம் ஆண்டுச் சந்துபட்லக் கல்வெட்டு.

தோழர்களே! ஆள்வதற்கு ஆண் பெயர் வேண்டியிருந்தது அவளுக்கு. இன்று? உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என 2016-ல் தமிழகம் சட்டம் செய்தது. ஆனால் எத்தனை ஊர்களில் பெயர்ப்பலகையில் மனைவி, நாற்காலியில் கணவன்! வாக்குக் கேட்டபோது அவள் படம். கணக்குக் கேட்டால் அவன் குரல்! அன்று பெண் ஆண்டாள், பெயர் ஆணுடையது. இன்று பெயர் பெண்ணுடையது, ஆள்பவன் ஆண். இதுவா முன்னேற்றம்?

வெற்றிக்கு உழைத்த தோழனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. கிராம சபையில் தலைவியையே பேச அழையுங்கள். கேள்வியை அவரிடமே கேளுங்கள். குறுக்கே பேசும் கணவன் நம் கட்சிக்காரனே ஆனாலும் சொல்லுங்கள்: எழுந்திரு அண்ணே, அது அண்ணியின் நாற்காலி!