மல்லாந்து கிடக்கிறதே, செத்துப் போச்சா?

காலையில் பாத்ரூம் கதவைத் திறக்கிறீர்கள். நட்டநடுவே ஒரு கரப்பான் பூச்சி மல்லாக்கக் கிடக்கிறது. ஆறு காலும் ஆகாயத்தைப் பார்த்தபடி. ராத்திரி அடித்த ஸ்பிரே வேலை செய்துவிட்டது என்ற திருப்தியில் பிரஷ் எடுக்கப் போகிறீர்கள். திரும்பி வந்தால்... ஆளைக் காணோம்!

பேய் பிசாசு வேலையெல்லாம் இல்லை. செத்த பிறகு பூச்சி புரண்டு படுக்கிறது என்று நாம்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. முதலில் விழுகிறது. சாவு அப்புறம்தான். சில சமயம் சாவு வராமலே கூடப் போய்விடும்.

கரப்பானின் முதுகு வழவழ, லேசான வளைவு. இத்தனை உடம்பையும் தாங்குவது அகட்டி வைத்த ஆறு மெல்லிய கால்கள். நல்ல திடகாத்திரமான கரப்பானும் எப்போதாவது மல்லாந்து விழும். உடம்பை வில்லாக வளைத்து, ஒரு பக்கத்துக் கால்களால் தரையை உந்தி, சட்டென்று புரண்டு ஓடிவிடும். சாகக் கிடக்கிற பூச்சிக்கு அந்தத் தெம்பு ஏது? தசை தளர, கால்கள் உள்பக்கமாக மடங்குகின்றன. மடங்கிய கால் முட்டுக் கொடுக்குமா? உடம்பு சாய்ந்து உருள்கிறது. (சிலந்தி சமாசாரமே தனி. அது காலை நீட்டுவது உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். உயிர் போனால் அழுத்தம் போச்சு, எட்டுக் காலும் சுருண்டுவிடும்.)

ஸ்பிரே அடித்தால் கூத்து இன்னும் ஜாஸ்தி. பல ஸ்பிரேக்களில் இருப்பது பைரத்ராய்டு என்கிற மருந்து. சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றில் இயற்கையாக இருக்கும் விஷத்தைப் பார்த்து மனிதன் செய்த காப்பி. நரம்பில் சோடியம் நுழைகிற வாசலை இது சரியாக மூட விடாது. காலிங்பெல் பட்டன் உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி நரம்பு அடித்துக்கொண்டே இருக்கும். ஆறு காலும் ஆறு பக்கம் உதறும். பொத்!

தோட்டத்தில் விழுந்திருந்தால் சருகு, குச்சி என்று எதையாவது பற்றி எழுந்திருக்கும். நம் வீட்டு மொசைக்கில் எதைப் பிடிக்கும்?

பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. நம் கண்ணில் படுவது நடுக்கூடத்தில் செத்த கரப்பான்கள் மட்டுமே. காஸ் அடுப்புக்கு அடியிலும் அலமாரி இடுக்கிலும் குப்புறப் படுத்தே உயிரை விட்டவை நம் லெட்ஜரில் ஏறவே இல்லை. 'எல்லாப் பூச்சியும் மல்லாந்துதான் சாகும்' என்று எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

சரி, காணாமல் போன கரப்பான்? மருந்து கொஞ்சமாகப் பட்டிருந்தால், கரப்பானின் உடம்பில் இருக்கும் என்சைம்கள் அதை மெள்ள உடைத்துவிடும். சில மணி நேரத்தில் கால் வசத்துக்கு வரும், எழுந்து போய்விடும். இந்த என்சைம்களைக் கட்டிப்போடத்தான் சில டப்பாக்களில் பைப்பரோனில் பியூட்டாக்சைடு என்று இன்னொரு சரக்கும் சேர்க்கிறார்கள். வாங்கும்போது பின்பக்கத்துப் பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள்.

தப்பிப் போகிறவை சும்மா இருப்பதில்லை, குடும்பம் நடத்துகின்றன. மருந்தைத் தாங்கும் சக்தி பிள்ளைகளுக்கும் போகிறது. பழைய ஸ்பிரேக்கு அசையாத கரப்பான்கள் பல ஊர்களில் இப்படித்தான் பெருகின. ஆகவே, மல்லாந்தவரைப் பார்த்ததும் பல் தேய்க்கப் போகாதீர்கள். முதலில் துடைப்பம்!