முதல் பனியை நம்பி மலையேறலாமா? சீசன் தொடக்கத்தில் பனிச்சரிவு ஆபத்து ஏன்?

பனிச்சரிவுன்னாலே ஜனவரி, பிப்ரவரிதான் ஞாபகம் வரும். ஆனால் இமயமலையின் மிக மோசமான விபத்துகளில் இரண்டு நடந்தது அக்டோபரில்.

2022 அக்டோபர் 4. உத்தரகாண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில் நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. இருவரை அப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் ஏறிய பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் இறந்தவர்களில் ஒருவர். அனுபவம் இருந்தால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் பனியிடம் எடுபடாது.

இன்னொன்று 2014-ல். அக்டோபர் 12-ம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயல், இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயர தோரோங் லா கணவாய் பகுதியில் பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் 40-க்கும் மேற்பட்டோர் பலி. வங்கக்கடலில் புயல் என்றால் மலையேறுபவர்களும் வானிலை அறிக்கையைப் பார்த்தே ஆகணும்.

கொஞ்சப் பனிதானே, என்ன ஆகும்?

அங்கதான் சிக்கல். சீசன் தொடக்கத்தில் பனி மெல்லிசாத்தான் இருக்கும். அடியில் தரையின் சூடு இன்னும் போயிருக்காது. மேலே காற்றோ கடும் குளிர். இந்த வித்தியாசத்தால் அடியிலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்களைச் சர்க்கரை போன்ற பெரிய மணிகளாக மாற்றிவிடுகிறது. சர்க்கரையைக் கையில் பிடித்து உருண்டை பண்ண முடியுமா? அதுபோலத்தான் இந்த மணிகளும் ஒன்றோடொன்று ஒட்டாது. வெயில் அதிகம் படாத வடக்குச் சரிவுகளில் இந்த அடுக்கு வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

அடுத்து மேற்கத்திய இடையூறு வந்து புதுப்பனியைக் கொட்டும். காற்று அதை வாரிக்கொண்டு போய் முகட்டின் மறுபக்கம் குவித்து, பலகை மாதிரி இறுக்கும். சர்க்கரை மேல் பலகை! ஒருத்தர் கால் வைத்தால் போதும், அடியில் உள்ள அடுக்கு நொறுங்கி மொத்தப் பலகையும் கிளம்பிவிடும். உயிர்ப்பலி வாங்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுவது சிக்கியவரோ அவர் கூட வந்தவரோதான்.

எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

30 முதல் 45 டிகிரி சரிவுகளே அதிகம் சரிகின்றன. நடக்கும்போது 'வூம்ப்' என்று அடியில் சத்தம் கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ அந்தச் சரிவு தாங்காது. திரும்பிவிட வேண்டியதுதான். பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகான முதல் 24 முதல் 48 மணி நேரம் மிக மோசமானது. வானம் தெளிந்து வெயில் அடிக்கும், போட்டோவுக்கு ஏத்த நாளாகத் தெரியும் என்பது வேறு விஷயம். கிளம்பும் முன் டிஆர்டிஓ-வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது அவசியம்.

புதைந்துவிட்டால்?

10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு; அதன்பின் மூச்சுத்திணறலால் மளமளவெனக் குறையும். ஹெலிகாப்டர் அதற்குள் வராது. அதனால்தான் ஆளுக்கொரு சிக்னல் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி மூன்றும் வேண்டும் என்கிறார்கள். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். ஒருவர் புதைந்தாலும் தோண்ட மற்றவர்கள் வெளியே இருப்பார்கள்.