கூட்டுச் சர்வரில் நமக்கும் ஓர் அறை

"இலவச மென்பொருள்தானே, நாமே போட்டுக்கொள்ளலாமே" என்று, இணையவழிக் கூட்டத்துக்கு ஒரு சேவை தேடும் சங்கத்தின் செயற்குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். மென்பொருளைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. 2007-ல் கனடாவின் ஒட்டாவாவில், கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது பிக்புளூபட்டன் என்ற இணையவழிக் கூட்ட மென்பொருள். பெரிய நீலப் பொத்தானை அழுத்துவதுபோல் சுலபமாக இருக்க வேண்டும் என்றுதான் அந்தப் பெயர். மூல நிரல் திறந்தே இருக்கிறது. உரிமத்துக்கு ஒரு பைசா வேண்டாம். காசு கேட்பது அது ஓடும் சர்வர். 8 கோர், 16 ஜிபி ராம் வேண்டும் என்கிறது அதன் கையேடு. சர்வராவது வாடகைக்குக் கிடைக்கும். ஞாயிறு காலைக் கூட்டத்தில் ஆடியோ நின்றுபோனால் எழுந்து வந்து பார்க்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அந்தச் சர்வரையும் அந்த ஆளையும் பல அமைப்புகள் சேர்ந்து வைத்துக்கொள்வதே கூட்டுச் சேவை. 2020-ல் கொரோனா எல்லோரையும் திரைக்குள் தள்ளியபோது பிறந்த மீட்.கூப் என்ற கூட்டுறவு இதற்கு நல்ல உதாரணம். பார்சிலோனாவின் ஃபெம்புரோகொமுன்ஸ், ஷெஃபீல்டின் வெப்ஆர்க்கிடெக்ட்ஸ் போன்ற கூட்டுறவுகள் சேர்ந்து பிக்புளூபட்டனை நிறுவின. அங்கே சர்வரைப் பராமரித்தவர்களும் உறுப்பினர்கள், அதில் கூட்டம் நடத்திய அமைப்புகளும் உறுப்பினர்கள். இப்படிச் சேர்ந்தால் சந்தா கட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. எப்படி நடத்துவது என்ற பேச்சிலும் உட்கார வேண்டும். இது பிடிக்காதவர்கள் பேசாமல் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டிவிடலாம், தப்பில்லை.

சேரும்போது பலர் தவறாகச் சொல்லும் தகவல் ஒன்று உண்டு. "எங்கள் சங்கத்தில் 500 பேர்" என்பார்கள். சர்வருக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை பேர், அதில் எத்தனை கேமரா என்பதுதான் வேண்டும். பத்துப் பேர் கேமராவைத் திறந்தால் ஒவ்வொருவருக்கும் மற்ற ஒன்பது முகங்களை அனுப்ப வேண்டும்: 90 வீடியோ ஓடைகள். அதுவே முப்பது பேர், எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரிய வேண்டும் என்றால் 30 பெருக்கல் 29, அதாவது 870. ஆள் மூன்று மடங்குதான், சுமையோ ஒன்பது மடங்கைத் தாண்டிவிடுகிறது. பேசுகிறவர் மட்டும் முகம் காட்டி, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அதே சர்வர் சிரமமில்லாமல் தாங்கும்.

சேரும்போது கூட்டத்தின் கிழமையையும் நேரத்தையும் கேட்பதற்கும் இந்தச் சுமையே காரணம். ஒருவர் கூட்டம் செவ்வாய் மாலை, இன்னொருவர் வகுப்பு சனி மதியம் என்று இருந்தால்தான் பகிர்வதில் லாபம். எல்லா அமைப்பும் ஞாயிறு பத்து மணிக்கே வந்து நின்றால், பெரிய சர்வர் வாங்கி ஆறு நாள் சும்மா ஓட விட்டதாகிவிடும்.

சேர்ந்ததும் உங்கள் அமைப்புக்குக் கணக்கு வரும், அதற்குள் அறைகள். ஒவ்வொரு அறைக்கும் மாறாத ஒரு லிங்க். நுழைவு எண் வைக்கலாம், அனுமதி கொடுத்தால்தான் உள்ளே வரலாம் என்றும் வைக்கலாம். பிக்புளூபட்டனில் நுழைகிறவரிடம் முதலில் மைக்கா, கேட்பது மட்டுமா என்று கேட்கும். மைக் என்றால், நாம் பேசியதை நமக்கே திருப்பிக் கேட்கவைத்து, காதில் விழுந்ததா என்று ஒரு சோதனை. இது தொல்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்று முதல் கால் மணி நேரம் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

சில அலுவலகங்களில் லிங்க் திறக்கும், ஆனால் குரல் வராது. குரலும் படமும் 16384 முதல் 32768 வரையிலான யூடிபி போர்ட்டுகளில் போகின்றன. அலுவலக ஃபயர்வால் அவற்றை அடைத்து வைத்திருக்கும். டர்ன் என்ற இடைவழிச் சர்வர் இருந்தால், வழக்கமான 443 போர்ட் வழியாகவே ஃபயர்வாலைத் தாண்டிக் குரலைக் கொண்டுவந்துவிடலாம். சேரும் முன் அந்தச் சர்வர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டிங் பற்றி இன்னும் அழுத்திக் கேளுங்கள். பிக்புளூபட்டனின் பழைய பதிப்புகளில், பதிவுக்கு அனுமதி உள்ள அறை என்றால், பொத்தானை அழுத்தாவிட்டாலும் சர்வர் முழுக் கூட்டத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்தப் பகுதியை வெட்டி வெளியிடுவது என்பதற்கு அடையாளம் போடுவது மட்டுமே பொத்தானின் வேலை. சம்பளத் தகராறையோ ஒருவரின் உடல்நிலையையோ பேசுகிற அமைப்புக்கு இது சின்ன விஷயம் அல்ல. எந்தப் பதிப்பு ஓடுகிறது, மூலக் கோப்புகளை எத்தனை நாளில் அழிக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை பத்துப் பேர் பேசும் குழுவுக்கு இவ்வளவு தேவையில்லை. ஜிட்ஸி என்ற இன்னொரு இலவசக் கூட்ட மென்பொருளின் பொதுச் சர்வரே போதும். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தன் ஞாயிறு சந்திப்புகளை ஜிட்ஸியில்தான் நடத்தி வந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் அந்தப் பொதுச் சர்வரில் அறையைத் திறப்பவர் கூகுள், ஃபேஸ்புக் போன்ற ஒரு கணக்கில் நுழைய வேண்டும். வருகிறவர்களுக்கு அது தேவையில்லை.

கடைசியாக, விலகும் நாள். அறையின் லிங்க் சர்வரின் முகவரியோடு பிறந்தது. சேவை மாறினால் பழைய அழைப்பிதழ்களில் இருக்கும் லிங்க் எல்லாம் செத்துப்போகும். அதனால் உங்கள் அமைப்பின் இணைய முகவரியில் 'கூட்டம்' என்று ஒரு பக்கம் வைத்து, அங்கிருந்து அறைக்குத் திருப்பிவிடுங்கள். உறுப்பினர்களிடம் அந்த முகவரியை மட்டும் கொடுங்கள்.